முகாம் தண்ணீர், கழிப்பறை: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் எழுதுங்கள்

குளோரின் வாளி:
முகாமில் ஆறு குழாய்கள் கொண்ட பொதுக் குழாயடி. காலையில் டிபிடி மாத்திரை போட்டுப் பார்த்தேன், தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தால் நிறம் காட்டும் மாத்திரை அது. நல்ல இளஞ்சிவப்பு. குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று ஏட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. மத்தியானம் ஒரு குடிசைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரே மாதத்தில் மூன்றாவது முறை வயிற்றுப்போக்கு. "வீட்டில இருக்கிற தண்ணியைக் கொஞ்சம் பார்க்கலாமாம்மா?" என்று கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் அதே குழாயில் பிடித்த கேனைக் கொண்டுவந்து வைத்தார். மாத்திரை போட்டுக் குலுக்கினேன். நிறமே வரவில்லை. மாத்திரைதான் பழசோ என்று இன்னொன்று உடைத்துப் போட்டேன். வெறும் தண்ணீர் மாதிரி அப்படியே நின்றது. கேன் வாய்க்குள் விரலை விட்டால் வழவழவென்று பாசி.

அந்த அம்மா குழாயைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நான் நீங்க சொன்ன குழாயிலதானே தம்பி பிடிச்சேன்?" என்றார். தப்பு தன்மேல்தான் என்கிற மாதிரி இருந்தது குரல். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடைசி வரிசை:
எல்லாரும் தண்ணீர் இல்லாததைப் பற்றி எழுதுவீர்கள். எங்களுக்குத் தண்ணீர் இருந்தது. நாங்கள்தான் குடிக்கவில்லை.

எனக்கு அப்போது 14 வயது. கழிப்பறைகள் வேலி ஓரமாக ஒரே வரிசை. விளக்கு கிடையாது, கதவு என்பது ஒரு தார்ப்பாய், உள்ளே தாழ்ப்பாள் இல்லை. அதனால் நானும் அம்மாவும் அக்காவும் நாலு மணிக்கு மேல் ஒரு மிடறு குடிக்கமாட்டோம். அப்படியும் இரவில் போக வேண்டி வந்தால் தம்பியை எழுப்புவோம். அவனுக்கு ஏழு வயது. வெளியே நின்று சத்தமாகப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம்.

ஒருநாள் பாட்டு நின்றது. நான் தார்ப்பாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு தம்பி மெதுவாகச் சொன்னான், "அக்கா, தூக்கம் வந்திட்டுது."

நீர்க்கடுப்பு வந்து மருத்துவக் கூடாரத்துக்குப் போனபோது மாத்திரை தந்து, "நிறையத் தண்ணி குடி" என்றார்கள்.

மேட்டு நிலம்:
முதல் பதிவு போட்டவருக்கு. குழாயடியில் 0.5 போதும் என்று நம்பியதுதான் பிழை. நிவாரண வேலைக்கான அளவுகோல்களைச் சொல்லும் ஸ்ஃபியர் கையேட்டில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் என்று இருக்கிறது, சரி. ஆனால் அது குழாயடிக் கணக்கு. வெயிலில் கேன் சூடாகும், குவளையோடு கையும் உள்ளே போகும், பாசி பிடித்த கேன் தானே குளோரினைத் தின்றுவிடும். 2013-ல் தென் சூடான் முகாம்களில் தண்ணீரைக் குழாயிலிருந்து வீடுவரை பின்தொடர்ந்து அளந்தவர்கள் குழாயடியில் 1.0 வேண்டும் என்று எழுதினார்கள். அங்கே ஹெபடைடிஸ் ஈ பரவிக்கொண்டிருந்த காலம் அது. கருவுற்ற பெண்களுக்கு அந்தக் காமாலை எமன். நான் வேலை செய்த முகாமிலும் அப்படி ஒரு பெண் போனாள். அதைப் பற்றி எழுத முடியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். கேனைக் கழுவும் நாள் என்று ஒன்று வையுங்கள்: ஒரு கைப்பிடி கூழாங்கல், குளோரின் கரைசல், மூடி போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். வீட்டுக்கு இரண்டு பாத்திரம், ஒன்று பிடிக்க, ஒன்று வைக்க. வாய் குறுகலாக, மூடியோடு இருக்க வேண்டும். கலங்கல் 5 என்டியுவுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) மேல் இருந்தால் முதலில் படிகாரம் போட்டுத் தெளிய வையுங்கள், கலங்கலில் குளோரின் கொட்டினால் வீண். ஏட்டில் குழாயடி எண்ணுக்குப் பக்கத்திலேயே வீட்டு எண்ணுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டம் இல்லாத ஏட்டை நான் நம்பமாட்டேன்.

ஓடைப்பக்கம்:
ஐயா, 1.0 ஏற்றச் சொல்கிறீர்கள். அதைக் குடிக்க வேண்டியவர்களிடம் கேட்டீர்களா? எங்கள் பகுதியில் அளவைக் கூட்டிய மறுநாளே குழாயடி வரிசை பாதியாகிவிட்டது. ஆட்கள் ஓடைக்குப் போய்விட்டார்கள். வாடை ஒரு காரணம். இன்னொரு காரணம், பிள்ளை பிறக்காமல் இருக்கத் தண்ணீரில் மருந்து கலக்கிறார்கள் என்ற பேச்சு. ஊரை விட்டு அடித்துத் துரத்தப்பட்டவர்களுக்கு அப்படித் தோன்றாமல் எப்படி இருக்கும்?

நான் எல்லார் முன்னாலும் ஒரு குவளை பிடித்துக் குடித்துக் காட்டினேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார், "இங்க ஒரு குவளை குடிப்பே. வீட்டுக்குப் போனா வேற தண்ணி குடிப்பே." உண்மை. என் அறையில் புட்டித் தண்ணீர்தான் இருந்தது. அன்றிலிருந்து குழாய்த் தண்ணீரையே குடித்தேன். அவர் கடைசிவரை ஓடைக்குத்தான் போனார்.

கடப்பாரை:
கழிப்பறையையும் யாராவது பேசுங்கள். 1994 ஜூலையில் ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ) கோமா நகரில் ருவாண்டா அகதிகள் ஒரே மாதத்தில் ஏறக்குறைய 50,000 பேர் செத்தார்கள், காலராவிலும் இரத்தபேதியிலும். எரிமலைப் பாறை, குழி தோண்ட முடியவில்லை. 2017-ல் வங்கதேசத்தில் ரோஹிங்கியா அகதிகளின் குட்டுப்பாலோங் முகாமில் மண் தோண்ட வந்தது, ஆனால் இடமில்லை. அவசரத்தில் போட்ட ஆழமில்லாத குழிகள் சீக்கிரம் நிரம்பின, பக்கத்திலேயே குடிதண்ணீர் ஆழ்குழாய்க் கிணறுகள். குழிக்கும் கிணற்றுக்கும் 30 மீட்டர், குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் 1.5 மீட்டர் என்று விதி இருக்கிறது. கூடாரத்துக்குக் கூடாரம் கயிறு முட்டும் இடத்தில் அந்த 30 மீட்டரை எங்கே போய் அளப்பது?

என் சம்பவம் சின்னது. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சாவி ஒரு அம்மாவின் கழுத்துக் கயிற்றில். ஒரு கழிப்பறைக்கு 20 பேர் என்ற கணக்குக்குப் பொதுவாக இருக்க வேண்டும், பூட்டை உடை என்று மேலிருந்து சொன்னார்கள். உடைத்தேன். உள்ளே பெருக்கித் துடைத்து, ஓரத்தில் சாம்பலும் ஒரு வாளித் தண்ணீரும். அந்த அம்மா சண்டை போடவில்லை. கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஒரே வாரத்தில் அந்தக் கழிப்பறைக்குள் கால் வைக்க முடியவில்லை. சாவி இன்னும் என்னிடம் இருக்கிறது.

குளோரின் வாளி:
மேட்டு நிலம் ஐயா, கேன் கழுவும் நாள் பிறகு வைத்தோம். அந்தக் குடிசைக்கு நானே போய் முதல் கேனைக் குலுக்கினேன். அடுத்த நாள் லேசான இளஞ்சிவப்பு வந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

கடைசி வரிசை, உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து ஒன்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. அந்தத் தாழ்ப்பாள் பிறகாவது வந்ததா?

கடைசி வரிசை:
விளக்குக் கம்பம் வந்தது, எட்டு மாதம் கழித்து. தாழ்ப்பாள் வரவில்லை. அம்மா ஒரு ஆணி தேடி எடுத்து, கல்லால் அடித்து, சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினா. அதற்குப் பிறகும் தம்பி பாடினான்.