டாஹாவ், சாக்சன்ஹவுசன்: வதைமுகாம்களை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

இசார்க்கரை:

மியூனிக்கில் குடியிருப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் பக்கத்தில் இருக்கிற டாஹாவ் நாஜி வதைமுகாமுக்குக் கூட்டிப்போகிற பொறுப்பு என் தலையில்தான் விழும். எஸ்2 ரயில், இறங்கியதும் 726 பஸ், அவ்வளவு பக்கம். வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது விஷவாயு அறை எங்கே என்றுதான். இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆனால் அதில் கூட்டங்கூட்டமாக யாரையும் கொல்லவில்லை. உழைக்க முடியாமல் போன கைதிகளில் 2,500 பேருக்கு மேல் ஆஸ்திரியாவில் லின்ஸ் பக்கமுள்ள ஹார்ட்ஹைம் மாளிகைக்கு ஏற்றி அனுப்பப்பட்டு, அங்கேதான் வாயுவால் கொல்லப்பட்டார்கள். டாஹாவுக்குள் ஆட்களை உருக்குலைத்தது அன்றாடப் பிழைப்புதான் என்பது என் எண்ணம். அதனால் நான் நேராகக் கூட்டிப்போவது கைதிகள் படுத்துக்கிடந்த கொட்டடிக்கு.

பழைய மரக் கொட்டடிகளை 1960களில் இடித்துவிட்டார்கள். இரண்டை மட்டும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், மற்றவை இருந்த இடத்தில் எண் போட்ட அடித்தளச் சட்டங்கள்தான் மிச்சம். கட்டியதில் ஒன்றுக்குள் வெவ்வேறு காலத்துப் படுக்கைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். முகாம் திறந்த 1933இல் ஆளுக்கு ஒரு இடம், நடுவே தடுப்புப் பலகை. கடைசி வருஷத்தில் தடுப்பே கிடையாது, வெறும் அடுக்குப் பலகைகளில் ஒருவரோடு ஒருவர் ஒட்டி ஒருக்களித்துப் படுக்க வேண்டியதுதான், ஏனென்றால் 200 பேருக்கென்று கட்டிய கொட்டடியில் அப்போது 2,000 பேர் வரை அடைபட்டிருந்தார்கள்.

போன கோடையில் வந்த மாமா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே படுக்கை விரிக்கிற விதிகளைப் பற்றி வழிகாட்டிப் பெண் சொல்லச்சொல்ல மனுஷர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். வைக்கோல் அடைத்த மெத்தை. அதைத் தீப்பெட்டி மாதிரி மூலை பிடித்து நிறுத்த வேண்டும், மேலுறையில் இருக்கிற கட்டங்கள் கோணாமல் ஓட வேண்டும், வரிசை முழுக்க ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அதுவும் விடியுமுன் எழுப்பிவிட்டு அணிவகுப்புக்கு ஓடுகிற அந்த அவசரத்துக்குள். "எங்க டிரெயினிங்லயும் கட்டில் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு, ஆனா வைக்கோலுக்கு எப்படிப்பா மூலை வரும்?" என்று மாமா கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தப் பெண், பலகையை வைத்து அழுத்தித் தட்டுவார்கள் என்று கையால் செய்தே காட்டினார். இது போதாதென்று தரை பளபளக்க வேண்டும், அலுமினியக் கிண்ணத்தில் ஒரு நீர்த்தடம் தெரியக் கூடாது. தெரிந்தால் சாப்பாடு நிறுத்தம், இல்லை 25 பிரம்படி, இல்லை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, கட்டிய கைகளிலேயே தொங்கவிடுவது, அதில் தோள்மூட்டு கழன்றுபோகும். மாமா கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது பாஸ் பண்ணவே முடியாத இன்ஸ்பெக்‌ஷன்." முகாமுக்கு இரண்டாவது தளபதியாக வந்த தியோடர் ஐக்கே எழுதிய தண்டனை விதிகள் இவை, பிறகு மற்ற முகாம்களுக்கும் இதுதான் மாதிரியாகப் போயிற்று.

அடுத்தது அணிவகுப்புத் திடல். காலையும் மாலையும் தலை எண்ணுவார்கள். எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றால் மணிக்கணக்காக நிற்க வேண்டும், பனியாக இருந்தாலும் சரி. ராத்திரி செத்துப்போனவரையும் தூக்கிவந்து கிடத்தி எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். வேலியோரம் ஒரு புல்தரை தெரியும், பார்க்கப் பூங்கா போல இருக்கும், அதில் கால் வைத்தால் கோபுரத்திலிருந்து சுடுவார்கள். சில காவலர்கள் கைதியின் தொப்பியைப் பிடுங்கி அங்கே எறிந்து, போய் எடு என்பார்களாம். எடுக்கப் போனாலும் சாவு, போகாவிட்டால் உத்தரவை மீறிய குற்றம்.

மொத்தம் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கும் இதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டார்கள், சுமார் 41,500 பேர் இறந்தார்கள். 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்கப் படை வந்து சேர்ந்தது. அதற்கு முந்தின குளிர்காலத்தில் டைஃபஸ் காய்ச்சலில் போனவர்களே ஆயிரக்கணக்கில்.

ஊர்சுற்றி:

நான் போனது பெர்லினுக்கு வடக்கே ஓரானியன்பர்க்கில் இருக்கிற சாக்சன்ஹவுசன். நீங்கள் படுக்கையைச் சொன்னீர்கள், எனக்கு அங்கே மறக்காதது செருப்பு, சரியாகச் சொன்னால் பூட்ஸ். திடலைச் சுற்றி அரைவட்டமாக ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் சிமென்ட், கொஞ்ச தூரம் சரளை, அப்புறம் மணல், கரித்தூள், உடைகல் என்று மாறிமாறி வரும். போரில் தோலுக்குத் தட்டுப்பாடு, அதனால் ரப்பர், செயற்கைப் பொருள் என்று கம்பெனிகள் செய்து அனுப்புகிற பூட்ஸ் அடிப்பாகம் எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பதற்குக் கைதிகளை அதில் நடக்கவிட்டிருக்கிறார்கள், முதுகில் மூட்டையோடு, நாளைக்கு 40 கிலோமீட்டர் வரை. காலுக்குச் சேராத அளவைப் போட்டுவிட்டதும் உண்டு. குடிக்கிறது தண்ணீர் மாதிரி சூப், அதில் 40 கிலோமீட்டர்! 1944இல் கடற்படைக்காகச் செய்த ஊக்கமாத்திரைகளையும் இதே கைதிகளுக்குக் கொடுத்து, தூங்காமல் எவ்வளவு நேரம் நடக்கிறார்கள் என்று சோதித்திருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்த சாதாரண ஆட்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கோவைக்காரி:

அண்ணா, டிசம்பரில் மியூனிக் வருகிறோம், பையனுக்கு 10, பெண்ணுக்கு 15. கூட்டிப்போகலாமா? அங்கே இந்தியர்கள் யாராவது இருந்தார்களா?

இசார்க்கரை:

பெண்ணைக் கூட்டிப்போங்கம்மா, பையன் இன்னும் மூன்று வருஷம் போகட்டும். 13 வயசுக்குக் கீழே வேண்டாம் என்றுதான் அங்கேயும் சொல்கிறார்கள், படங்கள் கடுமையாக இருக்கும். ஒருவர் பையனோடு ஊருக்குள் சுற்றுங்கள்.

நூர் இனாயத் கான் பெயரைத் தேடிப் பாருங்கள். திப்பு சுல்தான் வழிவந்தவர், பிரிட்டிஷ் உளவுத்துறைக்காகப் பாரிஸில் ரகசியமாக ரேடியோ இயக்கியவர். மாதக்கணக்கில் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் விலங்கிட்டு வைத்திருந்து, கடைசியில் டாஹாவுக்குக் கொண்டுவந்து 1944 செப்டம்பர் 13 அன்று, கூடவே வந்த மூன்று பெண்களோடு சுட்டுக் கொன்றார்கள். தகனக்கூடத்தில் நால்வருக்கும் கல்வெட்டு இருக்கிறது, அந்தக் கட்டடம் திடலிலிருந்து இடதுபக்கக் கோடியில், பலர் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள்.

டிக்கெட் கிடையாது. 5 மணிக்கு மூடிவிடுவார்கள், டிசம்பரில் அதற்கு முன்னாலேயே இருட்டிவிடும், அதனால் காலையில் 9 மணிக்கே போய்விடுங்கள். திடலில் காற்று வெட்டும், காதை மூடுகிற குல்லாயை மறக்காதீர்கள்.