ஹீட்டர் வைத்த மழைமானி அண்டார்டிகாவில் வேலை செய்யுமா?

இயற்பியல் மாணவி:
புராஜெக்ட்டுக்கு ஒரு தானியங்கி மழைமானி செய்தோம். உள்ளே சின்ன வாளி, நிரம்பினால் கவிழும், எத்தனை தடவை கவிழ்ந்தது என்று சிப் எண்ணும். வைவாவில், "இதை அண்டார்டிகாவில் வைத்தால்?" என்று கேட்டுவிட்டார்கள். திருதிருவென்று முழித்தேன். ஹீட்டர் வைத்து உருக்கினால் போதாதா?

தராசுக்காரன்:
போதாது. சூடு பட்டால் உருகுவதில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். மேலே எழும் வெப்பக்காற்று பூம்பனியைத் தள்ளியும்விடும். அதனால் உருக்காமல் எடை போடுகிறார்கள். வாளியில் உறையாத திரவம், அதன்மேல் ஆவியாகாமலிருக்க எண்ணெய்ப் படலம். ஜியோனார் நிறுவனத்தின் மானியில் வாளி அதிரும் கம்பியில் தொங்கும்; எடை ஏறினால் அதிர்வெண் மாறும். ஆனால் காற்றடித்தால் பாதிப் பனிகூட வாளிக்குள் விழாது. அதற்காக மானியைச் சுற்றி இரட்டை மரவேலி போடுவார்கள், வெளிவேலியின் குறுக்களவு மட்டும் 12 மீட்டர்!

குளிர்காலத்துக்காரன்:
வேலியெல்லாம் சரி, அங்கே பனி மேலிருந்து மட்டுமா வருகிறது? தென்கோடியில் ஒரு குளிர்காலம் கருவிப் பராமரிப்புக்குப் போயிருந்தேன். நிமிர்ந்தால் நட்சத்திரம், குனிந்தால் என் பூட்ஸ் தெரியாது. முழங்கால் உயரத்துக்குப் பனி ஆறு மாதிரி ஓடும். மானிக்கு அதுவும் பனிதான்.

தரையில் சேர்ந்த பனியின் உயரத்தை ஒலியால் அளக்கும் கருவி ஒன்றும் இருந்தது. கம்பத்திலிருந்து கீழே ஒலி அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தைக் கணக்கிடும். ஒரு நாள் காலை வரைபடத்தில் 12 செ.மீ. பனி காணோம்! காற்று அள்ளிப்போனது என்றே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். பிறகு பார்த்தால், வெப்பமானிக் கேபிளை நான்தான் சரியாக முறுக்கவில்லை. கருவி 0 டிகிரி என்று நினைத்துக்கொண்டிருந்தது, வெளியே மைனஸ் 30. அந்தக் குளிரில் ஒலி வேகம் நொடிக்கு 331 மீட்டரிலிருந்து 313-க்கு இறங்கிவிடும். 2 மீட்டர் தூரம் 2.12 ஆகத் தெரியும். குறிப்பேட்டில் அடித்துத் திருத்திய அந்த வரி இப்போதும் இருக்கும்.

இயற்பியல் மாணவி:
ஐயா, அப்போ விழுந்தது எது, காற்று தூக்கிவந்தது எது என்று எப்படித்தான் பிரிப்பது?

குளிர்காலத்துக்காரன்:
அண்ணா என்றே கூப்பிடும்மா. அதற்கு மேல்நோக்கிப் பார்க்கும் குட்டி ரேடார் இருக்கிறது, 24 கிகாஹெர்ட்ஸ். பெல்ஜியத்தின் பிரின்சஸ் எலிசபெத் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் தெரிந்த எதிரொலி இறங்கி வந்தால் விழும் பனி. ரேடார் வெறிச்சோடிக் கிடக்க, கீழே மானி மட்டும் ஏறினால் தூக்கிவந்தது.

அதிலும் ஒரு வில்லங்கம். பனிமேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் காற்று காய்ந்த காற்று. மேலே தெரிந்த பனியில் ஒரு பங்கை வழியிலேயே ஆவியாக்கிவிடும். பிரான்ஸின் டுமோன் டுர்வில் நிலையத்தில் ரேடார் வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் ஏவி, 2023 வரை மேலிருந்து ரேடாரால் மேகத்தையும் பனியையும் பார்த்த கிளவுட்சாட் செயற்கைக்கோளுக்கோ, தரையை ஒட்டிய ஒரு கிலோமீட்டர் சரியாகத் தெரிந்ததில்லை. திருட்டு நடப்பதே அந்த உயரத்தில்தான்.

தராசுக்காரன்:
மானி வாயிலேயே பனி தொப்பி போட்டு உட்காருமே, அதற்கு என்ன செய்தீர்கள்?

குளிர்காலத்துக்காரன்:
விளிம்பைச் சூடாக்க ஒரு கம்பிச்சுருள் உண்டு. அது தோற்கும் நாளில் ஒட்டடைக் கம்பு. தட்டின நேரத்தை எழுதி வைக்கணும், இல்லாவிட்டால் உள்ளே விழுந்த கட்டி அந்த நிமிடத்துப் பனிப்பொழிவாகிவிடும்.