புவாரோ வரிசையில் எந்த ஆறு?

வாசிப்பு வட்டத்துக்காக அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோ வரும் நாவல்கள் 33-ல் ஆறை மட்டும் தேர்ந்தெடுக்கணும், உதவுங்க நண்பர்களே.

‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ கட்டாயம் உண்டு. 16 வருடப் பழைய கொலை. சம்பந்தப்பட்ட ஐந்து பேரும் நடந்ததைத் தனித்தனியாக எழுதித் தருகிறார்கள். அந்த முரண்பாடுகளுக்குள்ளேதான் தடயமே இருக்கு. தொடரின் உச்சம் இதுதான்.

பெரிய குறை வயதுக் கணக்கு. 1920-ல் வந்த முதல் நாவலிலேயே போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரான புவாரோ, 1972-ல் வந்த நாவலிலும் துப்பறிகிறார்! அந்த ‘எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்’ல், சம்பவம் நடந்து எத்தனை வருடம் என்பதே இடத்துக்கு இடம் மாறுது.

தொடரின் கடைசி நாவலான ‘கர்ட்டன்’ 1975-ல் வந்தாலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே எழுதியது, அதனால் இந்தத் தளர்ச்சி அதில் இல்லை. அதைக் கடைசியில்தான் படிக்கணும்.

1963 முதல் 1972 வரை வந்த நான்கில் ஒன்றாவது சேர்க்கலாமா? எது, ஏன்? முடிவை உடைக்காமல் சொல்லுங்க.