செம்மறிக்குக் கம்பளி போர்த்தாதீர்கள்

பூநகரித் தரவைக்கு, அதுதான் அந்தத் திறந்த புல்வெளிக்குப் போய் செம்மறி வரைய நினைக்கிறவர்கள் முதலில் யூடியூப்பை மறந்துவிடுங்கள். அதில் காட்டுவதெல்லாம் குளிர்நாட்டுக் கம்பளி ஆடு. பஞ்சால் வெள்ளையை ஒற்றி ஒற்றி வைத்தால் ஆடு வந்துவிடும். எங்களுடைய யாழ்ப்பாணச் செம்மறிக்கு இருப்பது கட்டை மயிர். விலா, தோள்மூட்டு, இடுப்பெலும்பு எல்லாம் வெளியில் தெரியும். மறைக்க ஒன்றும் இல்லை.

நான் போனில் வைத்திருந்த மாதிரிப் படத்தை மேய்க்கிற ஐயா எட்டிப் பார்த்தார். "உதென்ன தம்பி, பஞ்சுமூட்டைக்குக் கால் வைச்சிருக்கு?" என்றார். பிறகு அவரே வாலைக் கவனிக்கச் சொன்னார்: வெள்ளாட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும், செம்மறிக்குத் தொங்கும். தூரத்து மந்தைக்கு முகமே வேண்டாம், இது போதும்.

வெயில் ஏறியதும் ஒன்றின் வயிற்று நிழலுக்குள் மற்றது தலையைச் செருகிக்கொண்டு நிற்கும். வரைய அதுதான் நேரம். அசையாது, தலையும் தெரியாது. ஒரே பெரிய உருவம், அடியில் ஒரே நிழல். அந்த நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். அல்ட்ராமரைன் நீலத்தோடு பேர்ண்ட் சியன்னா என்கிற செம்பழுப்பைக் கலந்தால் நல்ல சாம்பல் வரும். வயிற்றடியில் மண்ணின் நிறத்தையும் கொஞ்சம் ஏற்றுங்கள், வெயில் தரையில் பட்டு அங்கேதான் தெறிக்கிறது.

*

தண்ணீரில் கரைத்துப் பூசுகிற அக்ரிலிக்காரருக்கு ஒன்று. சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, வீசுகிற நாளில் பெயின்ற் தட்டிலேயே காய்ந்துவிடும். ஈரத் துணியை விரித்து, அதற்கு மேல் கேக் சுடுகிற ஒயில் பேப்பரைப் போட்டுக் கலவுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் இருளும் என்பதால், வெளிச்சம் படுகிற முதுகை நினைத்ததைவிட வெளிறலாகவே வையுங்கள்.

*

நான் ஒயில் பெயின்ற் ஆள். இரணைமடுப் பக்கம் ஈரக் கன்வஸை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் புழுதி வந்து ஒட்டி, ஆட்டுக்குத் தானாகவே மயிர் முளைத்துவிட்டது! அதற்குப் பிறகு வெளியில் பென்சிலும் கொப்பியும்தான், வர்ணம் வீட்டில். முதல் பூச்சு டேர்பன்டைனில் கரைத்து மெல்லிதாக, எண்ணெய் கூடியது அதற்கு மேலே. மாறிப் பூசினால் பிறகு வெடிக்கும்.

சரி, மாங்குளத்துக்குக் கிட்ட செம்மறி மேய்கிற இடம் யாருக்காவது தெரியுமா? முறிகண்டியில் நான் பார்த்ததெல்லாம் வெள்ளாடுதான்.