யுரேனியம் தேட செடி மாதிரி: இலையா, குச்சியா?

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலைப் புவியியல் ஆய்வுக்காக ஆந்திராவின் கடப்பா படுகையில், தும்மலபள்ளி பக்கம், ஓடை வண்டல், கிணற்று நீர், செடி மூன்றிலும் யுரேனியம் அளக்கப் போகிறேன். அங்கே யுரேனியத் தாது இருப்பது டோலமைட் என்ற கார்பனேட் பாறையில். கார்பனேட் நிறைந்த நீரில் யுரேனியம் கரைந்தே நகர்ந்துவிடும். அதனால் வண்டல் குறைவாகக் காட்டினாலும் கிணற்று நீர் கூடுதலாகக் காட்டலாம். நீரைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து ஒரு பாட்டில். காரத்தன்மை பார்க்க அமிலம் சேர்க்காமல் இன்னொன்று. இது வரைக்கும் சரி.

குழப்பமெல்லாம் செடியில்தான். வேர் ஆழமாகப் போகும் என்பதால் சீமைக் கருவேலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கனடாவின் அத்தபாஸ்கா பகுதியில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் குச்சிகளில்தான் யுரேனியம் அதிகம் சேர்ந்திருந்தது. கருவேலத்துக்கும் அது பொருந்துமா, இல்லை இலையே போதுமா? அப்புறம் செடிமேல் படியும் தூசி. அதைக் கழுவாமல் செடியைச் சாம்பலாக்கி அளந்தால் செடியை விட்டுவிட்டு மண்ணை அளந்த கதையாகிவிடும். வாலை வடிநீரில் கழுவினால் போதுமா?

வறண்ட பகுதியில் இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மழைக்கு முன் எடுப்பதா, பின் எடுப்பதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவி. அடுத்த மாதம் கிளம்ப வேண்டும்.