டெம்போவுக்கு "நடை" சரிவருமா?

கோத்தகிரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். செஸ்ஸில் ஒரு நகர்த்தல் அளவுக்கு முந்துவதையும் பிந்துவதையும் சொல்லும் "டெம்போ"வுக்கு நம் செஸ் கலைச்சொல் பட்டியலில் கதி, வேகம், முறை என்று மூன்று சொற்கள் கிடக்கின்றன. மூன்றும் வேண்டாம். கதி தாளத்துக்குப் போய்விடுகிறது. வேகம் என்றால் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். "கறுப்பு ஒரு முறை இழந்தது" என்று எழுதினால் ஒரு தடவை தோற்றதாகவே படிப்பார்கள்.

"நடை" என்று வைப்போம். தேயிலை மூட்டையை எடை போடுமிடத்துக்கு ரெண்டு நடை தூக்க வேண்டியது ஒன்றில் முடிந்தால் "ஒரு நடை மிச்சம்" என்கிறோமே, பலகையிலும் அதே கணக்குதான்.

ஸ்காண்டிநேவியன் என்ற திறப்பை, அதாவது ஆட்டத் தொடக்க முறையைப் பாருங்கள் (எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர், × என்றால் வெட்டு, காய் பெயர் இல்லையென்றால் சிப்பாய்): 1.இ4 டி5 2.இ×டி5 ராணி×டி5 3.குதிரை சி3. குதிரை தன் நல்ல கட்டத்துக்கு வந்ததோடு ராணியையும் விரட்டுகிறது. ராணி ஏ5-க்கு ஓடும்போது வெள்ளைக்கு ஒரு நடை மிச்சம். வெள்ளையும் இப்படி மாட்டும்: 1.இ4 இ5 2.டி4 இ×டி4 3.ராணி×டி4 குதிரை சி6. இங்கே கறுப்புக் குதிரை ராணியை விரட்டுவதால், முதலில் ஆடிய ஆதாயம் அங்கேயே கரைகிறது.

கொடைக்கானலிலிருந்து:

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே காயை ரெண்டு தரம் நகர்த்தினாலே "வீண் நடை" என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். ராணி ஏ5-க்குப் போனபின் கறுப்பு சி6 ஆடுவது ராணி பின்வாங்க வழி திறக்கிறது, பி5, டி5 கட்டங்களையும் காக்கிறது. அதை விட்டுவிட்டு வேறெங்கோ ஆடினால், வெள்ளை பிஷப் டி2-க்கு வந்து குதிரை விலகும்போது பிஷப்பின் தாக்குதல் திறந்து ராணி சிக்கிக்கொள்ளலாம். ஆகவே சி6 வீண் நடை அல்ல. 1995-இல் நியூயார்க்கில் அப்போதைய சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் 14-ஆம் ஆட்டத்தில் ஆனந்த் இந்தத் திறப்பைத்தான் ஆடினார். திறப்பிலிருந்து நல்ல நிலையோடு வந்து, பிறகே தோற்றார்.

இன்னொன்று. "நடை நட்டம்" என்று பட்டியலில் இருக்கும் பதிவை எடுத்துவிடுங்கள். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய கடைசி ஆட்டத்தில் நடையை வேண்டுமென்றே தொலைக்கிறோம். நம் ராஜா மூன்று கட்டம் முக்கோணமாகச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. எதிர் ராஜாவுக்கு இரண்டே கட்டம் இருப்பதால் ஆடும் பொறுப்பு அந்தப் பக்கம் விழுகிறது; அந்த நிலையில் ஆட வேண்டியவருக்குத்தான் பாதகம். அது நட்டமா?

கோத்தகிரியிலிருந்து:

சரிதான் டீச்சர். அங்கே "நடை கழித்தல்" என்று மாற்றிவிடுகிறேன். திறப்பில் விரட்டு வாங்கி ஓடுவதற்கு மட்டும் "வீண் நடை" இருக்கட்டும்; விளக்கத்தில் உங்கள் சி6 உதாரணத்தையும் சேர்க்கிறேன்.