உதவி: பனியைச் சேர்த்தால் பூமி மைனஸ் 32-க்குப் போய்விடுகிறது

டர்பன்_பையன்:
வணக்கம். அவசரம். பூமியின் ஆற்றல் சமநிலை மாதிரி ஒன்றை (உள்ளே வரும் சூரிய ஒளியையும் வெளியே போகும் வெப்பத்தையும் வைத்து வெப்பநிலையைக் கணிப்பது) வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பைத்தானில் எழுதிவிட்டேன். பனி இல்லாமல் ஓட்டினால் 16.7 வருகிறது, அது சரி. பனிக்கான வரியைச் சேர்த்ததும் மைனஸ் 32-க்குப் போய் உட்கார்ந்துவிடுகிறது. தொடக்க வெப்பநிலையைக் கூட்டிப் பார்த்தும் அதேதான். என்ன தப்பு?

மழைமானி:
எந்தச் சமன்பாடு தம்பி? ஆல்பிடோ, அதாவது திருப்பி அனுப்பப்படும் ஒளியின் பங்கு, எவ்வளவு? முழுப் பூமிக்கும் ஒரே வெப்பநிலையா, அட்சரேகை வாரியாகவா? எங்கிருந்து தொடங்குகிறாய்?

பனிப்பந்து:
தப்பே இல்லை! பனி கூடினால் வெளிச்சம் திரும்பிப் போகும், குளிர் கூடும், மறுபடி பனி கூடும். 1969-இல் காலநிலை அறிஞர்கள் புடிகோவும் செல்லர்ஸும் தனித்தனியே காட்டியது இதைத்தான். நம் வடக்கு கேப்பில் மக்கன்யேன் பாறைகளைப் போய்ப் பாருங்கள். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பனிப்படிவு, அதுவும் அப்போது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்த நிலத்தில். பக்கத்திலேயே கலஹாரி மாங்கனீசு. புவியியலாளர் கிர்ஷ்விங்க் அதையும் பனி உருகியதோடு சேர்த்துத்தான் விளக்குகிறார்.

கணக்கன்_பீனிக்ஸ்:
நிரல் ஒவ்வொரு அடியிலும் தாண்டும் கால இடைவெளி பெரிதாக இருக்கும். ஒரு நாளாகக் குறைத்துப் பாருங்கள். எனக்கு எப்போதும் அதுதான்.

மழைமானி:
அப்படியென்றால் எண் மேலும் கீழும் துள்ளி வெடித்திருக்கும் அண்ணா. இங்கே ஒழுங்காக ஓரிடத்தில் போய் நிற்கிறதே.

பழைய_பேராசிரியர்:
இந்தக் குழுவில் இதை எத்தனை முறைதான் சொல்வது. நேர்கோட்டுச் சூத்திரங்களை விட்டுவிட்டு இயற்பியலைப் படியுங்கள். சூரியனிலிருந்து சதுர மீட்டருக்கு வரும் 1361 வாட்டை 4-ஆல் வகுத்து, 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதியை (வெளியேறும் வெப்பம் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது) போட்டால் 255 கெல்வின். அதன்மேல் 0.78 உமிழ்திறனுள்ள (வெப்பத்தை உறிஞ்சி வெளியிடும் திறனுள்ள) ஒரே ஒரு காற்றடுக்கை வைத்தால் தரை 288 கெல்வின். முதலாண்டுப் பாடம். இதற்குப் பைத்தான் எதற்கு, ஒரு தாள் போதும்.

ஜோபர்க்_செல்வி:
ஐயா, அந்த 0.78 எந்த ஊருக்கு? எங்கள் ஊரில் ஜூலை ராத்திரி புல்லெல்லாம் உறைபனி. டர்பனில் அதே ராத்திரி மெல்லிய ஸ்வெட்டர் போதும். எங்கள் காற்றில் நீராவி குறைவு, தரையின் வெப்பம் தப்பிப் போகிறது.

பழைய_பேராசிரியர்:
அது பூமி முழுவதற்குமான சராசரி, அம்மா. வீட்டுத் தோட்டத்துக்கு அல்ல.

கணக்கன்_பீனிக்ஸ்:
டர்பன் இதமாக இருப்பது நீராவியால் இல்லை. அகுல்ஹாஸ் நீரோட்டம் வாசலிலேயே வெந்நீர் கொண்டுவருகிறது. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, குளிராமல் என்ன செய்யும்?

ஜோபர்க்_செல்வி:
உயரம்தான் காரணம் என்றால் மேகம் மூடிய ராத்திரியில் மட்டும் ஏன் உறைபனி விழுவதில்லை? உயரம் அன்றைக்கும் அதேதானே.

டர்பன்_பையன்:
மன்னிக்கணும், வகுப்பில் இருந்தேன். முழுப் பூமிக்கும் ஒரே வெப்பநிலை. உள்ளே வருவது 1361-இன் கால் பங்கு. ஆல்பிடோ 0.3, பனி வந்தால் 0.6. வெளியே போவது 203.3 + 2.09 × வெப்பநிலை. 263-க்குக் கீழே போனால் பனி. 288-இல் தொடங்குகிறேன். 320-இல் தொடங்கினாலும் அதே.

பனிப்பந்து:
320-இல் தொடங்கியும் உறைகிறதா? அருமை!

மழைமானி:
அருமை இல்லை அண்ணா. மைனஸ் 32 கெல்வின் என்று ஒன்று உண்டா?

தம்பி, 203.3-ம் 2.09-ம் செல்சியசுக்காகப் பொருத்தப்பட்ட எண்கள். நீ 288, 263 என்று கெல்வினில் கொடுக்கிறாய். 288-ஐ அந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார், சதுர மீட்டருக்கு 805 வாட் வெளியே போகிறது. உள்ளே வருவதோ 238. பூமி சரசரவென்று குளிர்ந்து 16.7-ஐ நோக்கி ஓடுகிறது. அது சரியான செல்சியஸ் விடைதான், அதனால்தான் பனி இல்லாதபோது உனக்குச் சந்தேகமே வரவில்லை. பனி வரி இருந்தால் வழியில் 263-ஐத் தாண்டியதுமே பூமி முழுக்கப் பனி என்று நிரல் முடிவு செய்கிறது. உள்ளே வருவது 136-ஆகக் குறைகிறது. 136.1-இலிருந்து 203.3 போக, மீதியை 2.09-ஆல் வகுத்தால் மைனஸ் 32.

தொடக்கத்தை 15 என்றும் பனி எல்லையை மைனஸ் 10 என்றும் மாற்று. அப்புறம் மைனஸ் 20-இல் தொடங்கியும் ஒருமுறை ஓட்டு. அப்போதும் மைனஸ் 32 வரும், ஆனால் அது நிஜமான பனிப்பந்து, முழுக்க உறைந்த பூமி. ஒரே சூரியனுக்கு இரண்டு நிலைகள். அறிக்கையில் அந்த இரண்டையும் வரைந்து காட்டு.

பனிப்பந்து:
நான் முதலிலேயே சொன்னேனே.

பழைய_பேராசிரியர்:
நான்காம் அடுக்கில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

மழைமானி:
அதில் 15 என்று செல்சியசில் போட்டிருந்தால் வந்திருக்கும் ஐயா.

டர்பன்_பையன்:
15-க்கு 16.7. மைனஸ் 20-க்கு மைனஸ் 32. நன்றி அக்கா, கரண்ட் போவதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

கணக்கன்_பீனிக்ஸ்:
கால இடைவெளியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஜோபர்க்_செல்வி:
மேகத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.